சம்பந்தியும் பத்து தௌவும்

இல்ல சார், இஸ்திரிப் பலகை இல்ல. நீங்க கேட்டதுல தப்பில்ல, திருவான்மியூர்ல ஏறும்போது கண்டக்டரும் அதைத்தான் கேட்டார். அதுக்கு முன்னாடி ஆட்டோக்காரர் சவப்பெட்டி மூடியான்னு கேட்டார். போர்வை சுத்தியிருக்கு இல்ல, அதான். இது ஸ்கீ சார். தண்ணி மேல போற ஸ்கீ. ஒத்தப் பலகை. முன்னாடி ஒரு கால், பின்னாடி ஒரு கால், ரெண்டையும் இதுலயே மாட்டிக்கணும். மோட்டார் படகு கயிறு கட்டி இழுக்கும், நாம பின்னாடியே போவோம்.

நான்தான் சார் போறேன். ஏன், பாத்தா தெரியலையா? மாசியில அம்பத்தெட்டு முடிஞ்சுது. தொப்பையைப் பாக்காதீங்க, அது பேலன்ஸுக்கு.

இதோட நீளம் அறுபத்தேழு இன்ச், அதனாலதான் இந்தக் கடைசி சீட்டு. என் வீட்டுக்காரம்மா முன்னாடியே ஏறிப் போய் உக்காந்துட்டா. அதோ, டிரைவருக்குப் பின்னால மூணாவது வரிசை, பச்சைப் புடவை. மங்கைன்னு பேரு. நாலு நாளா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல சார். சாப்பாடு வருது, காப்பி வருது, பேச்சு வரல. இன்னும் ஒரு மணி நேரத்துல புதுப்பட்டினத்துல சம்பந்தி வீட்டு வாசல்ல ஜோடியா போய் நிக்கணும். பொண்ணுக்கு அடுத்த புதன்கிழமை வளைகாப்பு, அதைப் பேசி முடிக்கப் போறோம். இப்படி ஆளுக்கொரு மூஞ்சிய வெச்சுக்கிட்டு எப்படி நிக்கறது? நான் என்ன தப்பு பண்ணேன்னே எனக்கு விளங்கல. நீங்க மூணாவது மனுஷன். முழுசா சொல்றேன், கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க.

என் பேரு ஏகாம்பரம். அம்பத்தூர்ல ஒரு மெஷின் கம்பெனியில முப்பத்தோரு வருஷம் கேஜ் ரூம்ல இருந்தேன். கேஜ் ரூம்னா அளக்கற ரூம். எவன் எதைச் செஞ்சாலும் கடைசியில என் டேபிளுக்குத்தான் வரணும். நான் வெர்னியரை வெச்சுப் பாத்து சரின்னா சரி, இல்லன்னா குப்பை. மேனேஜரே என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிப்பார். அப்படி இருந்த மனுஷன் சார் நான்.

பொண்ணைக் கட்டிக் குடுத்தேன், அத்தோட போச்சு. பொண்ணைப் பெத்தவன் எல்லாத்துலயும் ரெண்டாவது. பந்தியில சம்பந்தி உக்காந்தப்புறம்தான் நான் உக்காரணும். போட்டோவுல அவர் நடுவுல, நான் ஓரத்துல. கல்யாணத்தன்னிக்கு அவர் சாம்பார்ல உப்பு கம்மின்னார். நான் சமையல்காரர்கிட்ட ஓடிப்போய் உப்பு கம்மின்னேன். உப்பு சரியா இருந்துது சார். நான் ருசி பாத்தேன்.

சம்பந்தி பேரு பரந்தாமன். நல்ல மனுஷன். அதான் பிரச்சினையே. கெட்டவரா இருந்தா ஒரு சண்டை போட்டு முடிச்சிருக்கலாம். இவர் தோள்ல கை போட்டு, "வாங்க சம்பந்தி, உக்காருங்க சம்பந்தி, உங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இருக்காது சம்பந்தி"ம்பார். கோவளம் பக்கம் கழிமுகத்துல ஒரு படகு கிளப் இருக்கு, அதுல அவர் மெம்பர். கல்யாணம் முடிஞ்ச ரெண்டாம் மாசம் என்னைக் கூட்டிக்கிட்டுப் போய் கரையில நாற்காலி போட்டு உக்கார வெச்சார். நான் இளநி குடிச்சுக்கிட்டு இருக்கேன், அவர் படகுக்குப் பின்னால இப்படியும் அப்படியும் வளைஞ்சு வளைஞ்சு போறார். ரெண்டு பக்கமும் தண்ணி எகிறுது. கரைக்கு வந்து, "பயந்துட்டீங்களா சம்பந்தி?"ன்னார். எனக்கு உள்ள ஒண்ணு எரிஞ்சுது. மறு வாரமே நானும் மெம்பர்.

தண்ணி மேல எழுந்து நிக்கவே ஒரு வருஷம் ஆச்சு, அந்தக் கதை வேணாம். விஷயம் என்னன்னா, தண்ணியில ஆறு பந்து மிதக்க விட்டிருப்பாங்க. வலது பக்கம் மூணு, இடது பக்கம் மூணு. படகு நடுவுல நேரா போவும். நாம பின்னால வலதும் இடதுமா மாறி மாறிப் போய் ஒவ்வொரு பந்தையும் வெளிப்பக்கமா சுத்திட்டு வரணும். ஆறும் சுத்தினா முழு பாஸ். சம்பந்தி அஞ்சு சுத்துவார். நான் நாலு. இந்தத் தை மாசத்துல இருந்து நாலு, நாலு, நாலு, மூணு, நாலு.

ஏன் நாலுன்னு யோசிச்சேன். பலகையைக் கவுத்துப் பாத்தேன். வால் பக்கம் அடியில ஒரு தகடு நிக்கும் சார், இதோ, போர்வைக்குள்ள துருத்திக்கிட்டு இருக்கு பாருங்க, இதுக்கு ஃபின்னுன்னு பேரு. மீனுக்குத் துடுப்பு மாதிரி. அதைச் சுத்தி குட்டிக் குட்டியா ஸ்க்ரூ. லூஸ் பண்ணி முன்னால தள்ளலாம், பின்னால தள்ளலாம், இறக்கலாம், ஏத்தலாம். எவ்ளோன்னு நினைக்கறீங்க? பத்து தௌ, அஞ்சு தௌ. தௌன்னா ஒரு இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு. உங்க தலைமுடி ஒண்ணு மூணு தௌ இருக்கும். உங்களுக்கு... சரி, என் முடியை வெச்சுக்கோங்க. அந்த முடி கனத்துக்கு மூணு மடங்கு நகத்தினா பலகையோட குணமே மாறிடும்! அதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு சார். முப்பத்தோரு வருஷம் அளந்த கை இது. கடவுளா பாத்து எனக்குன்னு ஒரு விளையாட்டை அனுப்பியிருக்கார்.

ஃபின்னை ஆழமா இறக்கினா வால் தண்ணியைப் பிடிச்சுக்கும், வழுக்காது. ஆனா ரொம்ப இறக்கினா திரும்ப மாட்டேன்னு அடம் பிடிக்கும். மேலே ஏத்தினா சட்டுன்னு திரும்பும், ஆனா வால் சர்ருன்னு வழுக்கி நம்மளைத் தண்ணியில உக்கார வெச்சுடும். முன்னால தள்ளினா பலகையோட மூக்கு தண்ணியைக் கடிக்கும், கூரா திரும்பும். பின்னால தள்ளினா சாதுவா போவும், ஆனா கல்யாண ஊர்வலம் மாதிரி சாவகாசமா திரும்பும். புரியுதா சார்? புரியலன்னாலும் தலையாட்டுங்க, மங்கை அப்படித்தான் ஆட்டுவா.

ஒரு நோட்டு போட்டேன். தினம் காலையில அளவு எழுதுவேன், ஸ்கீ பண்ணுவேன், எத்தனை பந்துன்னு எழுதுவேன். அஞ்சு தௌ முன்னால: நாலு. அஞ்சு தௌ பின்னால: நாலு. பத்து தௌ இறக்கம்: நாலு. நோட்டு எழுபது பக்கம் போச்சு. சம்பந்தியைக் கேட்டேன், "உங்க ஃபின் எவ்ளோ வெச்சிருக்கீங்க?" அவர், "அது நகருமா?"ன்னார். நகருமாவாம்! வாங்கினப்ப எப்படி இருந்துதோ அப்படியே வெச்சிருக்கார். ஒரு ஸ்க்ரூ துருப் பிடிச்சிருக்கு. அதை வெச்சுக்கிட்டு அஞ்சு பந்து. எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

படகு ஓட்டறவர் இன்னாசின்னு கோவளத்துக்காரர். ஒவ்வொரு நாளும் ஒரே பாட்டு. "சார், நீ இன்னாத்துக்கு சார் காலையே குனிஞ்சு பாக்குற? தலைய தூக்கு. கரையைப் பாரு. உன் கண்ணு போற பக்கம்தான் பலகை போவும்." பாவம், நல்ல மனுஷன், நல்லா படகு ஓட்டுவார். ஆனா அளவுன்னா என்னன்னு தெரியாது. நான் குனிஞ்சு பாக்கறது எதுக்கு? ஃபின் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கத்தானே? மேல இருந்து பாத்தா ஃபின் தெரியாதுங்கறது வேற விஷயம்.

ஃபின்னுல பதில் கிடைக்கலன்னதும் அடுத்தது ஃப்ளெக்ஸ். பலகை வளையற தன்மை சார். பச்சை அப்பளம் வளையும், சுட்ட அப்பளம் வளையாது, அந்த மாதிரி. வளையற பலகை திருப்பத்துல தானும் வளைஞ்சு குடுக்கும், சுலபமா திரும்பும். விறைப்பான பலகை வேகமா ஓடும், ஆனா திருப்பறவனுக்குத் தெம்பு வேணும். என் பலகை எவ்ளோ வளையுதுன்னு தெரிஞ்சாகணும் இல்ல? ஹால்ல ரெண்டு ஸ்டூல் போட்டு, பலகையைக் குறுக்கே வெச்சு, நடுவுல இருபத்தஞ்சு கிலோ பொன்னி அரிசி மூட்டையைக் கட்டித் தொங்க விட்டேன். எவ்ளோ இறங்குதுன்னு காட்ட மேலே டயல் கேஜ். மங்கை சமையல்கட்டுல இருந்து, "அரிசி எங்க?"ன்னு கத்தறா. "டெஸ்ட்ல இருக்கு"ன்னேன்.

அந்த நேரம் பாத்து வாசல்ல சம்பந்தி. சொல்லாம கொள்ளாம, மாம்பழத்தோட. நான் குளியலறைக்கு ஓடி ஒரு சட்டையை மாட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள மனுஷன் பெஞ்சுன்னு நினைச்சு பலகை மேல உக்காந்துட்டார் சார்! நடுவுல! மங்கை பதறிப் போய், "அண்ணா, எழுந்திருங்க அண்ணா"ங்கறா. நான், "அசையாதீங்க சம்பந்தி"ன்னேன். குனிஞ்சு டயலைப் பாத்தேன். அரிசிக்குப் பதினெட்டு மில்லிமீட்டர் இறங்கின பலகை, சம்பந்திக்கு எழுபது இறங்கியிருக்கு. மூணு தடவை பாத்து நோட்டுல எழுதினப்புறம்தான் அவரை எழுந்திருக்கச் சொன்னேன். மங்கை அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல. சம்பந்தியைப் போய் எடை போட்டீங்களேன்னு ஒரே புலம்பல். எடை போடல சார், வளைவு பாத்தேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன ஞாயித்துக்கிழமை கிளப்புல வருஷப் போட்டி. அம்பத்தஞ்சு வயசுக்கு மேல ஒரு பிரிவு. அதுல ரெண்டே பேர். யாருன்னு சொல்லணுமா?

சம்பந்தி பதினோரு பேரைக் கூட்டிக்கிட்டு வர்றதா சேதி வந்துது, அவரோட அக்கா உட்பட. அந்த அக்காவைப் பத்தி ஒண்ணுதான் சொல்வேன், பொண்ணுக்கு நாங்க எடுத்த கல்யாணப் புடவையைக் கையால தடவிப் பாத்துட்டு "பரவால்ல"ன்னவங்க. சனிக்கிழமையே மங்கை ஆரம்பிச்சுட்டா.

"என்னங்க, நாளைக்கு ஒரு நாள் விட்டுக் குடுத்துடுங்களேன்."

"எதை?"

"போட்டியை. அவங்க வீட்டு ஆளுங்க முன்னாடி அவரைத் தோக்கடிச்சா நல்லாவா இருக்கும்? பத்து நாள்ல வளைகாப்பு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்தாங்கன்னா பூங்கோதைக்குத்தானே கஷ்டம்?"

பூங்கோதை எங்க பொண்ணு. ஏழு மாசம்.

"நான் நாலு பந்து, அவர் அஞ்சு பந்து. நான் எங்கடி தோக்கடிக்கப் போறேன்?"

"அப்படின்னா சரி"ன்னா. அது எனக்குச் சுருக்குன்னுச்சு.

"சீர்ல விட்டுக் குடுத்தேன், பந்தியில விட்டுக் குடுத்தேன், உப்புல விட்டுக் குடுத்தேன். தண்ணியில விட மாட்டேன். நாளைக்கு நான் அவரை ஜெயிக்கலன்னா என் பேரு ஏகாம்பரம் இல்ல"ன்னுட்டேன். ஒரு தடவை சார். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் எனக்கு முன்னாடி ரெண்டாவதா நிக்கணும். அது தப்பா?

ஞாயித்துக்கிழமை காலையில கிளப் ஷெட்டுக்கு முன்னாடி உக்காந்து ஃபின்னை வெச்சேன். ரெண்டு புள்ளி நாலு ஒம்பது இன்ச் ஆழம். நேத்து வெச்சதை விடப் பத்து தௌ பின்னால. ஸ்க்ரூவெல்லாம் முறுக்கி, நோட்டுல எழுதி, பலகையை அங்கேயே வெச்சுட்டு, டிரஸ் மாத்தப் போனேன். அங்க ஒரே ஒரு ரூம்தான், வரிசையில நின்னு வரவே முக்கா மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு. அதுக்குள்ள சம்பந்தி போயிட்டு வந்துட்டார். அஞ்சு பந்து. அவங்க கூட்டம் கையைத் தட்டுது, அக்கா விசில் அடிக்கறாங்க. அந்தம்மாவுக்கு விசில் அடிக்கத் தெரியும்னு யாருக்குத் தெரியும்? மைக்குல என் பேரைக் கூப்பிடறாங்க. கடைசியா ஒரு தடவை அளந்துட்டுப் போலாம்னு பெட்டியைத் திறந்தா, வெர்னியரைக் காணோம்!

உங்களுக்குப் புரியாது சார். மூக்குக் கண்ணாடி இல்லாம பரீட்சைக்குப் போற மாதிரி. பெட்டியைக் கொட்டினேன், போர்வையை உதறினேன். பலகை கவுந்து கெடந்துது, நான் அப்படி வெக்கவே இல்ல. "மங்கை, மங்கை"ன்னு கூப்பிட்டா ஆளையும் காணோம். அவதான் எடுத்து வெச்சிருப்பா, பத்திரமா வெக்கறேன்னு எதையாவது எடுத்துப் பையில போட்டுக்கற பழக்கம். மைக்குல ரெண்டாவது தடவை கூப்பிட்டுட்டாங்க. வேற வழியில்லாம அளக்காமலே தண்ணியில இறங்கினேன். வாழ்க்கையில முதல் தடவை.

படகு கிளம்பிடுச்சு. எனக்குப் பந்து மேலயும் கவனம் இல்ல, கால் மேலயும் கவனம் இல்ல. இவ எங்க போனா, வெர்னியர் எங்க, அதே நினைப்பு. ஒண்ணாவது பந்து வந்துது, நான் டீக்கடைப் பக்கம் தேடறேன், அங்க இல்ல. ரெண்டாவது பந்து, வலது கரையில சவுக்குத் தோப்பு, அங்க போய் நிக்கறாளா பாக்கறேன், இல்ல. மூணாவது, ஷெட் வாசல், இல்ல. நாலாவது, சம்பந்தி கூட்டம், பதினோரு தலையையும் ஒவ்வொண்ணா பாக்கறேன், இல்ல. அஞ்சாவதுல பாக்கறேன், தூரத்துல படித்துறை மேல பூங்கோதை பக்கத்துல நிக்கறா, கையில பை. பாத்துட்டேன்! அவ மேல வெச்ச கண்ணை எடுக்கல. கரைக்கு வந்ததும் கேக்கற கேள்வியில ஆடிப் போயிடணும்னு மனசுக்குள்ள வசனம் தயார் பண்றேன். பாத்தா படகுல இன்னாசி ஒரு கையைத் தூக்கி ஆட்டறார். என்னான்னா, ஆறும் முடிஞ்சிருக்கு சார். ஆறு!

கரைக்கு வந்ததும் இன்னாசி கட்டிப் பிடிச்சுக்கிட்டார். "இன்னிக்குத்தான் சார் நீ தலைய தூக்கின. அப்பவே சொன்னேன்ல?" நான் சொன்னேன், "இன்னாசி, அது பத்து தௌ." அவர் தலையில அடிச்சுக்கிட்டார். சந்தோஷத்துல.

பூங்கோதை வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் குதிக்கறா. சம்பந்தி ரெண்டு தடவை கை தட்டினார். எண்ணினேன், ரெண்டே தடவை. அப்புறம் துண்டை எடுத்து மடிச்சார், திரும்பப் பிரிச்சார், திரும்ப மடிச்சார். அந்த அக்கா மட்டும் எல்லார் காதுலயும் விழற மாதிரி, "பொண்ணு குடுத்தவங்க கொஞ்சம் அடக்கமா இருந்தா என்னவாம்"னாங்க. கொண்டு வந்த புளிசாதத்தைப் பிரிக்காமலே பதினோரு பேரும் வண்டி ஏறிட்டாங்க. மங்கை மூஞ்சியில ஈயாடல. ஆனா பொய் சொல்லக் கூடாது சார், வீடு வரைக்கும் விசில் அடிச்சுக்கிட்டே வந்தேன்.

சாயங்காலம் நோட்டை எடுத்தேன். ஆறுன்னு எழுதணும் இல்ல? வெர்னியர் மங்கை பையிலதான் இருந்துது, நான் நினைச்ச மாதிரியே. ஃபின்னை அளந்தேன். காலையில வெச்ச அதே அளவு, ஒரு தௌ கூட அசையல. சரி, பத்து தௌ பின்னாலதான் மந்திரம்னு பழைய பக்கத்தைப் புரட்டினா, மாசி எட்டாம் தேதி இதே அளவு வெச்சிருக்கேன். அன்னிக்கு எத்தனை? மூணு!

எனக்குத் தலை சுத்துது. ஒரே அளவு, ஒரு நாள் மூணு, ஒரு நாள் ஆறு. கேஜ் ரூம்ல இதை ஒத்துக்கவே மாட்டோம். ஏதோ ஒண்ணு மாறியிருக்கணும். என்ன மாறுச்சு?

அப்ப மங்கை காப்பியோட வந்து நின்னா. டம்ளரை வெச்சுட்டுப் போகாம நின்னா.

"ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"வெர்னியரை நான்தான் எடுத்தேன். நீங்க அளந்து பாத்துடக் கூடாதுன்னு எடுத்தேன்."

"எதை அளந்துடக் கூடாது?"

"ஃபின்னைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டா நீங்க ரெண்டாவது பந்துலயே விழுந்துடுவீங்க இல்ல? நீங்கதானே தினமும் சொல்வீங்க. அதான், நீங்க டிரஸ் மாத்தப் போனப்ப அந்த வளைஞ்ச சாவியை எடுத்துக்கிட்டுப் போய் உக்காந்தேன்."

ஸ்க்ரூ கழட்டற ஆலன் கீயைச் சொல்றா. எடுத்த டம்ளரைக் குடிக்காம வெச்சுட்டேன் சார். கட்டின பொண்டாட்டி!

"சாவியை ஸ்க்ரூல வெச்சுட்டேன். பக்கத்துல உங்க நோட்டு திறந்து கெடந்துது. காத்துல பக்கம் பக்கமா புரளுது. எல்லாப் பக்கத்துலயும் கடைசியில 'இன்னிக்காவது அஞ்சு'ன்னு எழுதியிருக்கீங்க. தையில இருந்து, ஒரு நாள் விடாம. எனக்கு மனசு வரலைங்க. பொண்ணு வாழ்க்கையும் முக்கியம்தான். ஆனா என் கையால நீங்க விழ வேணாம்னு பலகையை அப்படியே கவுத்துப் போட்டுட்டு எழுந்து போயிட்டேன். படித்துறையில நின்னுக்கிட்டு, சாமி, இவருக்கு ஒரு அஞ்சாவது குடுத்துடுன்னுதான் வேண்டிக்கிட்டேன்." சொல்லிட்டு முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கறா.

நான் கேட்டேன், "எவ்ளோ நேரம் கவுந்து கெடந்துது?"

அவ நிமிர்ந்து பாத்தா. "என்னது?"

"பலகை. எவ்ளோ நேரம்?"

"முக்கா மணி நேரம் இருக்கும்."

"வெயில்லயா, நிழல்லயா?"

கண்ணைத் துடைச்ச முந்தானையைக் கீழ விட்டா. அப்புறம், "வெயில்ல"ன்னா.

நான் துள்ளிக் குதிச்சுட்டேன் சார்! அடிப்பக்கம் கறுப்பு, பங்குனி வெயில், முக்கா மணி நேரம். இளகியிருக்கு! ஃபின் இல்ல சார், ஃப்ளெக்ஸ்! பலகை இளகி, திருப்பத்துல வளைஞ்சு குடுத்திருக்கு, அதான் ஆறும் அல்வா மாதிரி திரும்பியிருக்கு. மறுநாள் மத்தியானம் மொட்டை மாடியில முக்கா மணி நேரம் கவுத்துப் போட்டு, சூடு ஆறறதுக்குள்ள ஸ்டூல் மேல வெச்சு அரிசி மூட்டையைத் தொங்க விட்டேன். பதினெட்டு மில்லி இருந்தது பத்தொம்பதரை! ஒன்றரை மில்லி சார், ஒன்றரை! கைப்பிடிச் சுவர் ஓரமா நின்னு, தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி, "மங்கை, நீதான் ஜெயிச்சுக் குடுத்தே! நீ மட்டும் கவுத்துப் போடலன்னா நாலுதான்!"னு கத்தினேன்.

மேலே ஏறி வந்தா. அரிசி மூட்டையை அவிழ்த்து இடுப்புல வெச்சுக்கிட்டா. "நேத்து நான் அவ்ளோ சொன்னேனே, அதுல உங்களுக்கு இது ஒண்ணுதான் காதுல விழுந்துச்சா?"ன்னா. இறங்கிப் போயிட்டா. அதுதான் சார் கடைசிப் பேச்சு.

பாராட்டித்தானே சொன்னேன்? திட்டினேனா? சதி பண்ண வந்தவளை ஒரு வார்த்தை கோவிச்சுக்கிட்டேனா? சம்பந்தி வீட்டுப் பயத்துல இருக்காளோன்னு நினைச்சேன், அதுவும் தீந்து போச்சு. நேத்துக் காலையில அவரே போன் பண்ணார். எடுத்ததும் மெதுவா, "சம்பந்தி, ஃபின் எவ்ளோ வெச்சிருந்தீங்க?"ன்னார். துருப் பிடிச்ச ஸ்க்ரூவைச் சுத்தியால தட்டிக் கழட்டிட்டாராம், மூணு நாளா முன்னால பின்னால தள்ளிக்கிட்டு இருக்காராம், அஞ்சு போய் இப்ப நாலாம். நான் வெயில் விஷயத்தைச் சொன்னேன். "எங்க மொட்டை மாடி பெருசு. வரும்போது உங்களதையும் கொண்டாங்க, ரெண்டையும் சேத்துக் காயப் போட்டுப் பாப்போம். வளைகாப்பை லேடீஸ் பேசிக்கட்டும்"னார். அக்கா ஊருக்குப் போயாச்சாம். கடைசியா என்ன சொன்னார் தெரியுமா? "நீங்க வந்தப்புறம்தான் சாப்பிடுவேன்"னார். எனக்கு முன்னாடி சாப்பிட மாட்டாராம், எனக்கு! இதை மங்கைகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினா, சுவத்தைப் பாத்து.

எல்லாம் கூடி வந்துடுச்சு, இவ ஒருத்தி மட்டும் இப்படி. நீங்களே சொல்லுங்க சார், என் மேல என்ன தப்பு?

என்னது? அவ சொன்னதைத் திருப்பிச் சொல்லணுமா? எல்லாம் சொன்னேனே. வெர்னியரை எடுத்தா, சாவியை வெச்சா, நோட்டைப் பாத்தா, மனசு வரலைன்னா, கவுத்துப் போட்டா. அதுக்கு முன்னாடியா? மனசு வரலைன்னா. ஆமா, சொன்னா. அழுதா கூட. அதுல என்ன சார் இருக்கு? அதை எதுல அளக்கறது?

இருங்க, மகாபலிபுரம் வந்துடுச்சு போல, கூட்டம் ஏறுது. காலைக் கொஞ்சம் மடக்கிக்கோங்க, மிதிச்சுடப் போறாங்க. அடேயப்பா, உக்காரவே இடம் இல்ல. அங்க பாருங்க, மங்கை பக்கத்து சீட்டு காலியா இருக்கு, பையைத் தூக்கி வெச்சிருக்கா. அந்தக் கூடைக்கார அம்மா கேக்கறாங்க. நகத்தி வெக்கலாம் இல்ல, பாவம், வயசானவங்க. கேட்டுச்சா சார்? "ஆள் வருது"ங்கறா.

யார் சார் வருது? நாங்க ரெண்டு பேர்தானே ஏறினோம். பூங்கோதை புதுப்பட்டினத்துல இருக்கா, மாப்பிள்ளை ஆபீஸ்ல. திருவான்மியூர்ல இருந்தே பையை வெச்சிருக்காளா? நீங்க பாத்தீங்களா? நான் இதைப் பாத்துக்கிட்டு இருந்தேன் சார், இந்தத் தகடு யாரு மேலயாவது இடிச்சுடுமோன்னு. இப்ப இன்னொருத்தர் கேக்கறார். அவருக்கும் அதே பதில். "ஆள் வருதுங்க."

என்ன சார் என்னை அப்படிப் பாக்கறீங்க?

ஐயய்யோ.

பிடிங்க சார் இதை. எப்படி வேணா பிடிங்க, பரவால்ல. தம்பி, கொஞ்சம் நகருப்பா. அம்மா, அந்தக் கூடையை இப்படி வாங்கிக்கோங்க, கால் படுது. நகருங்க சார், நகருங்க. ஆள் வருதுன்னு அங்க சொல்லிட்டா இல்ல.